அசையாத புரதம் வேலை செய்யாது: நண்டு சிவப்பது முதல் பவளம் வெளுப்பது வரை

மண்டபத்திலோ தொண்டியிலோ வலையிலிருந்து கழற்றும்போது நீலக்கால் நண்டு நீலமாகத்தான் இருக்கும். கொதிக்கும் சட்டியில் போட்ட சில நிமிடங்களில் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். மிளகாய்த்தூள் சேர்க்காமல் வெறும் தண்ணீரில் அவித்தாலும் அப்படித்தான். அந்தச் சிவப்பு வெளியிலிருந்து வந்ததில்லை, ஓட்டுக்குள் முன்பே இருந்ததுதான். அஸ்டாக்சாந்தின் என்ற செந்நிறப் பொருளை ஒரு புரதம் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பிடியில் இருக்கும்வரை அது உறிஞ்சும் ஒளி மாறுபட்டு, நம் கண்ணுக்கு நீலமாகத் தெரிகிறது. சூடு ஏற ஏறப் புரதத்தின் உள் அசைவு கூடுகிறது. ஒரு கட்டத்தில் பிடி நழுவி, சிவப்பு வெளியே தெரிகிறது.

அந்த உள் அசைவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இதை இப்போது விளக்க இரண்டு காரணங்கள் உண்டு. 2024-இல் வேதியியல் நோபல் பரிசு டேவிட் பேக்கர், டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் மூவருக்கும் கிடைத்தபோது, ‘புரதங்களின் வடிவப் புதிர் அவிழ்ந்தது’ என்ற பேச்சு பரவலானது. செய்தியோடு வந்த வண்ணப் படங்களில் புரதம் சுருட்டி வைத்த ரிப்பன் போல அசையாமல் இருந்தது. இன்னொரு பக்கம், ‘உடலிலுள்ள ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு அதிர்வெண் உண்டு, சரியான ஒலியால் நோயை விரட்டலாம்’ என்ற தகவல்கள் கைபேசியில் சுற்றுகின்றன. முதலாவதைப் பார்ப்பவர் புரதத்தைச் சிலை என்று நினைக்கிறார். இரண்டாவதைப் படிப்பவர் கோயில் மணி என்று நினைக்கிறார். இரண்டும் தவறு. நங்கூரம் போட்டு நிறுத்திய நாட்டுப்படகு என்று சொன்னால் ஓரளவு பொருந்தும். இடம் விட்டு ஓடாது, ஆனால் ஒரு கணமும் சும்மா இருக்காது.

சங்கிலியும் தராசும்

புரதம் என்பது ஒரு நீளமான சங்கிலி. 20 வகை அமினோ அமிலங்கள் அதன் கண்ணிகள். எந்தக் கண்ணிக்கு அடுத்து எது என்பதை மரபணு தீர்மானிக்கிறது. தசையில் ஆக்சிஜனைச் சேமிக்கும் மயோகுளோபினில் 153 கண்ணிகள் இருக்கின்றன. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் நான்கு சங்கிலிகளும் சேர்ந்து 574. செல்லுக்குள் உருவாகும்போதே சங்கிலி மடிந்து, சுருண்டு, தனக்கென்று ஓர் உருவம் எடுத்துக்கொள்கிறது.

எப்படியெல்லாம் மடியலாம் என்பதற்கு ஒரு வரைபடம் உண்டு. அது நம் சென்னையில் பிறந்தது. 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் அதை வெளியிட்டார்கள். ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய கோணங்கள் இரண்டு. அணுக்கள் ஒன்றோடொன்று முட்டாமல் அந்தக் கோணங்கள் எவ்வளவு திரும்பலாம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். இன்றைக்கும் உலகில் எங்கு ஒரு புதிய புரத உருவம் கண்டறியப்பட்டாலும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். நம் விஷயத்துக்கு அந்தப் படத்தில் முக்கியமானது ஒன்று உண்டு. அனுமதிக்கப்பட்ட கோணங்கள் அதில் புள்ளிகளாக இல்லை, பரப்புகளாக இருக்கின்றன. அதாவது, மடிந்த பிறகும் சங்கிலிக்கு நகர இடம் இருக்கிறது.

அந்த உருவத்தைப் பிடித்து நிறுத்துவது எது? கண்ணிகளை இணைக்கும் பிணைப்புகள் வலுவானவை, அவ்வளவு எளிதில் அறாது. ஆனால் மடிப்புகளைப் பிடித்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற மெல்லிய ஈர்ப்புகள். இவை நூற்றுக்கணக்கில் சேர்ந்து சங்கிலியை மடித்து வைக்கப் பார்க்கின்றன. சங்கிலியோ அவிழ்ந்து இஷ்டப்படி திரியப் பார்க்கிறது. தராசின் இரண்டு தட்டிலும் பெரிய எடை. ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது. சாதாரணப் புரதம் ஒன்றில் அது மோலுக்கு 20 முதல் 60 கிலோஜூல் அளவு, அதாவது ஒரு சில ஹைட்ரஜன் பிணைப்புகளின் மதிப்புதான். இவ்வளவு பெரிய கட்டடம் இவ்வளவு சிறிய உபரியில் நிற்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஐஸ், கருவாடு, பவளம் எல்லாவற்றுக்கும் விளக்கம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஆட்டுவது யார்?

வெப்பம் என்பதே அணுக்களின் அசைவுதான். 30 டிகிரி செல்சியஸ் நீரில் ஒரு நீர் மூலக்கூறு நொடிக்கு 600 மீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்கிறது. பக்கத்திலேயே இன்னொன்று இருப்பதால் நெடுந்தூரம் போவதற்குள் மோதித் திரும்புகிறது. இப்படிப்பட்ட மூலக்கூறுகளால் எல்லாப் பக்கமும் சூழப்பட்ட புரதம் இடி வாங்கிக்கொண்டே இருக்கிறது. அதன் உள் அணுக்கள் தம் இடத்திலிருந்து சராசரியாக அரை ஆங்ஸ்ட்ராம் இப்படியும் அப்படியும் விலகுகின்றன. ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் 10 கோடியில் ஒரு பங்கு.

ஒரே பொருளில் பல வேக அசைவுகள் எப்படி ஒன்றாக இருக்க முடியும்? 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ரயில் ஓடிய நாட்களில், ரயில் ஏறியதும் தண்டவாளம் கிடுகிடுவென்று நடுங்கும். தூணுக்குத் தூண் கிடக்கும் கர்டர் மெதுவாக வளைந்து நிமிரும். கப்பல் வந்தால் நடுப்பகுதியின் இரண்டு இறக்கைகளும் நிதானமாக மேலெழும்பித் திறக்கும். மூன்றும் ஒரே இரும்பின் அசைவுகள்தான். சிறு உறுப்பு வேகமாக ஆடும், பெரிய பகுதி சேர்ந்து அசைந்தால் மெதுவாக அசையும். புரதத்திலும் இதே கதைதான். வேகத்தின்படி அடுக்கினால் இப்படி வரும்:

1. ஃபெம்டோ நொடி. ஒரு நொடியை 10 கோடி கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு. இரண்டு அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு நீண்டு சுருங்குவது இந்த வேகத்தில். சங்கிலியின் முதுகெலும்பிலுள்ள கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு ஒருமுறை அலைய சுமார் 20 ஃபெம்டோ நொடி ஆகும். அதாவது நொடிக்கு 50 லட்சம் கோடி முறை.

2. பைக்கோ நொடி. முன்னதைவிட ஆயிரம் மடங்கு மெதுவானது. சங்கிலியின் பக்கக் கிளைகள் உலுக்கப்படுவதும், புரதத்தின் பெரிய பகுதிகள் சேர்ந்து மூச்சு விடுவது போல விரிந்து சுருங்குவதும் இங்கே.

3. நானோ நொடி. வெளிப்புற வளையங்கள் படபடக்கும், பக்கக் கிளைகள் புரளும், சிறு வாசல்கள் திறந்து மூடும்.

4. மைக்ரோ நொடி முதல் மில்லி நொடி வரை. புரதத்தின் பாதி உடம்பு மறு பாதியின் மேல் கீல் போல மடங்கும். பெரும்பாலான நொதிகள், அதாவது வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்கள், தம் வேலையை முடிப்பது இந்த நேர அளவில்தான்.

5. நொடியும் அதற்கு மேலும். முழுவதுமாக அவிழ்வது, தப்பாக மடிவது, ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வது.

இந்த ஐந்தையும் ‘அதிர்வு’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவது குழப்பத்துக்கு ஒரு பெரிய காரணம். முதல் இரண்டு படிகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை உண்மையான அதிர்வுகள். ஓர் இடத்தைச் சுற்றி ஆடித் திரும்புபவை. அடுத்த படிகளில் இருப்பவை தாவல்கள். இயற்பியலாளர் ஹான்ஸ் ஃபிராவன்ஃபெல்டரின் குழு 1975-இல் இந்த வேறுபாட்டை மயோகுளோபினில் காட்டியது. தனுஷ்கோடி மணல்வெளியில் மேடும் பள்ளமுமாக இருக்குமே, அப்படி ஒரு நிலப்பரப்பில் புரதம் உலவுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பள்ளத்துக்குள் ஆடிக்கொண்டிருப்பது அதிர்வு. எப்போதாவது போதிய இடி சேர்ந்து கிடைத்து, மேட்டைத் தாண்டி அடுத்த பள்ளத்தில் விழுவது தாவல். ஒவ்வொரு பள்ளமும் புரதத்தின் சற்றே வேறுபட்ட ஒரு தோற்றம். ஆகவே ‘இந்தப் புரதத்தின் வடிவம் இது’ என்று சொல்வது அரைகுறை வாசகம். அதற்குப் பல வடிவங்கள் உண்டு, ஒவ்வொன்றிலும் அது எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வாசகம் முழுமையாகும்.

வலையைக் கொண்டு ஒரு கணக்கு

இத்தனை அணுக்கள் ஒரே நேரத்தில் ஆடினால் அதை எப்படிக் கணக்கிடுவது? ஒரு மூலக்கூறில் எத்தனை அணு இருக்கிறதோ அதை மூன்றால் பெருக்கி ஆறைக் கழித்தால், அது ஆடக்கூடிய தனித்தனி முறைகளின் எண்ணிக்கை கிடைக்கும். மூன்றால் பெருக்குவது, ஒவ்வோர் அணுவும் மூன்று திசையில் நகரலாம் என்பதால். ஆறைக் கழிப்பது, மூலக்கூறு முழுதாக இடம் பெயர்வதும் சுழல்வதும் உள் அசைவு இல்லை என்பதால். (இரண்டு அணு மட்டும் கொண்டவை போன்ற நேர்கோட்டு மூலக்கூறுகளுக்கு ஆறுக்குப் பதில் ஐந்து.) நீரில் மூன்று அணுக்கள், ஆகவே மூன்று முறைகள். ஹைட்ரஜனும் சேர்த்து சுமார் 2,500 அணுக்கள் கொண்ட மயோகுளோபினுக்கு ஏறக்குறைய 7,500. இவற்றை இயல்பதிர்வுகள் என்கிறார்கள். எவ்வளவு சிக்கலான ஆட்டமும், சிறிய அளவில் இருக்கும்வரை, இந்த இயல்பதிர்வுகளின் கலவையாகப் பிரித்துப் பார்க்கக்கூடியது.

1996-இல் மோனிக் டிரியன் என்ற இயற்பியலாளர் இதை வியப்பூட்டும் அளவுக்கு எளிமையாக்கினார். ஒவ்வோர் இடத்திலும் என்ன அணு, என்ன மின்னூட்டம் என்ற விவரத்தையெல்லாம் விட்டுவிட்டு, அருகருகே இருப்பவற்றை ஒரே மாதிரியான சுருள்வில்லால் இணைத்தால் போதும் என்று காட்டினார். அதன் பிறகு வந்தவர்கள் அமினோ அமிலத்துக்கு ஒரு முடிச்சு என்ற அளவுக்கு அதைச் சுருக்கினார்கள். மீன்பிடி வலையைத் தெரிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. முடிச்சு, முடிச்சுக்கு முடிச்சு நூல், நூல் கொஞ்சம் இழுபடும். அவ்வளவுதான் மாதிரி. அந்த வலையின் ஒரு மூலையை இழுத்தால் முழு வலையும் எப்படி அசையும் என்பது எந்த நூல் என்ன நிறம் என்பதைப் பொறுத்ததில்லை, எது எதோடு முடிச்சுப் போட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. புரதமும் அப்படியே. மிக மெதுவான ஒரு சில இயல்பதிர்வுகளைக் கணக்கிட்டாலே, அந்தப் புரதம் வேலை செய்யும்போது எந்தப் பக்கம் மடங்கும், எங்கே கீல் இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

என் பார்வையில் இந்தத் துறையின் மிக அழகான முடிவு இதுதான். வடிவமும் அசைவும் தனித்தனி விஷயங்கள் இல்லை. எந்த வடிவத்தில் மடிகிறதோ, அந்த வடிவத்திலேயே அது எப்படி அசைய வேண்டும் என்பதும் பெருமளவு அடங்கியிருக்கிறது.

மணி போல ஒலிக்காது, ஏன்?

சரி, புரதத்துக்கு அதிர்வெண் உண்டு என்றால், ‘ஒலியால் சரிசெய்யலாம்’ என்பதும் உண்மைதானே என்று கேட்கலாம். இல்லை. மூன்று காரணங்கள்.

1. எண்ணிக்கை. இப்படிப் பரவும் தகவல்களில் அடிக்கடி வரும் எண் 528 ஹெர்ட்ஸ், நொடிக்கு 528 அதிர்வு. முதுகெலும்புப் பிணைப்பின் அதிர்வு அதைவிடச் சுமார் 10 ஆயிரம் கோடி மடங்கு வேகம். புரதத்தின் மிக மெதுவான இயல்பதிர்வை எடுத்துக்கொண்டாலும் இடைவெளி கோடிக்கணக்கான மடங்காகவே இருக்கிறது. ஒத்ததிர்வு ஏற்பட இரண்டு எண்களும் நெருங்கி வர வேண்டும். இங்கே பக்கத்தில்கூட இல்லை.

2. நீரின் தணிப்பு. மணி காற்றில் தொங்குகிறது, அடித்தால் நெடுநேரம் ஒலிக்கும். அதே மணியைத் தேனுக்குள் அமிழ்த்தி அடித்தால் ‘டொக்’ என்பதோடு நின்றுவிடும். புரதம் நீருக்குள் இருக்கிறது. அதன் பெரிய, மெதுவான அசைவுகள் நீரின் உராய்வால் ஒரு முழு அலைவுகூட முடிக்காமல் அடங்கிவிடுகின்றன. திரும்பவும் அசைய வைப்பது அடுத்த மூலக்கூறின் இடி. அது எந்தத் தாளத்துக்கும் கட்டுப்பட்டதில்லை.

3. ஆற்றல் உடனே பரவிவிடும். 2015-இல் எக்ஸ்-கதிர் லேசர் கொண்டு மயோகுளோபினைப் படம்பிடித்தார்கள். அதில் ஒட்டியிருந்த கார்பன் மோனாக்சைடை ஓர் ஒளித் துடிப்பால் பிரித்ததும், 500 ஃபெம்டோ நொடிக்குள் புரதத்தின் சுருள்கள் விலகத் தொடங்கியிருந்தன. நிலநடுக்கம் பரவுவது போன்ற இந்த நிகழ்வைப் புரத நடுக்கம் என்று அழைக்கிறார்கள். ஓரிடத்தில் விழுந்த ஆற்றல் அங்கேயே சேமிப்பாக இருப்பதில்லை, பகிரப்பட்டுக் கரைகிறது.

ஆகவே குறிப்பிட்ட ஒலியால் குறிப்பிட்ட புரதத்தைத் திருத்தும் கருவி என்று யாராவது விற்றால், அதற்குக் கொடுக்கும் பணம் வீண். அதை நம்பி மருந்தை நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து. இசை மனதுக்கு இதம் தரும் என்பது வேறு விஷயம். அது காது, மூளை வழியே நடப்பது.

அசைவு இல்லாவிட்டால் என்ன ஆகும்?

இராமநாதபுரம் கடலோரத்தில் பாசி எடுக்கும் பெண்கள் மூச்சடக்கித்தான் முங்குகிறார்கள். சங்கு குளிப்பவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் முங்கினார்கள். முங்கியபின் உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் பெரும்பகுதி ஹீமோகுளோபினிலும் மயோகுளோபினிலும் ஒட்டியிருப்பது. அதை அவை எப்படி விடுகின்றன?

மயோகுளோபின்தான் உருவம் கண்டறியப்பட்ட முதல் புரதம். ஸ்பெர்ம் திமிங்கலத்தின் தசையிலிருந்து எடுத்ததைக் கொண்டு ஜான் கெண்ட்ரூ 1958-இல் முதல் மாதிரியை வெளியிட்டார். ஹீமோகுளோபினை ஆராய்ந்த மேக்ஸ் பெரூட்ஸும் அவரும் 1962-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். உருவம் துல்லியமாகத் தெரிந்ததும் ஒரு சங்கடம் எழுந்தது. ஆக்சிஜன் ஒட்டும் இரும்பு அணு உள்ளே ஆழத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து அங்கே போக அந்தப் படத்தில் வழியே இல்லை! கதவும் சன்னலும் இல்லாத அறைக்குள் ஆள் எப்படிப் போனார் என்ற கேள்வி போன்றது இது. விடை, படம் சராசரியைக் காட்டுகிறது என்பதுதான். நிஜத்தில் சுவர்கள் அசைகின்றன. பக்கக் கிளைகள் ஒதுங்கும் கணங்களில் ஓர் இடைவெளி திறக்கிறது, ஆக்சிஜன் நுழைகிறது அல்லது வெளியேறுகிறது, இடைவெளி மூடிவிடுகிறது. அசையாத மயோகுளோபின் உள்ளே இருப்பதை விடவும் முடியாது, வெளியே இருப்பதை ஏற்கவும் முடியாது.

ஹீமோகுளோபின் இன்னும் ஒரு படி மேல். அதன் ஒரு பாதி மறு பாதியின் மேல் சுமார் 15 டிகிரி திரும்புகிறது. ஒரு நிலையில் ஆக்சிஜனை இறுகப் பிடிக்கும், மறு நிலையில் தாராளமாக விடும். சில பத்து மைக்ரோ நொடிகளில் முடிந்துவிடும் இந்தத் திருப்பம்தான் நுரையீரலில் ஏற்றுவதும் தசையில் இறக்குவதுமான வேலையைச் சாத்தியமாக்குகிறது.

ஆனால் அசைவு கூடக் கூட நல்லது என்றும் நினைத்துவிட வேண்டாம். இதற்கு மீன்களே சாட்சி. தசைக்கு அவசர ஆற்றல் தரும் வேலையில் லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதிக்குப் பங்கு உண்டு. ஜார்ஜ் சொமேரோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990களில் அதைப் பல கடல் மீன்களில் ஒப்பிட்டார்கள். ஊளி, சீலா என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் பாரகுடாவின் பசிபிக் இனங்கள் அவற்றில் அடக்கம். அந்த இனங்கள் வாழும் நீர் சில டிகிரிதான் வேறுபடும், ஆனால் அவற்றின் நொதியும் அதற்கேற்ப வேறுபட்டது. 1998-இல் வந்த ஆய்வில் அண்டார்டிக் மீன்களின் நொதியையும் பார்த்தார்கள். வேதிவினை நடக்கும் இடம் எல்லா மீன்களிலும் ஒன்றுதான். மாற்றம் இருந்தது அதைச் சுற்றியுள்ள, அசைந்து கொடுக்க வேண்டிய பகுதிகளில். உறைபனிக் கடல் மீனின் நொதி தளர்வாகக் கட்டப்பட்டிருக்கிறது, குளிரிலும் அசைய வேண்டுமே! சூடான கடல் மீனின் நொதி சற்று இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது, சூட்டில் அவிழாமல் இருக்க வேண்டுமே! தத்தம் கடலின் வெப்பத்தில் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு தளர்வோடு இருக்கின்றன. பரிணாமம் வடிவத்தை மட்டும் பாதுகாக்கவில்லை, அசைவின் அளவையும் பாதுகாத்து வந்திருக்கிறது.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சுருக்கமாக நான்கு வழிகள்.

1. ஒளி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி. வி. ராமன் 1928-இல் கண்ட விளைவு இங்கே நேராகப் பயன்படுகிறது. மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியின் நிறம் அதன் அதிர்வுக்கேற்பச் சற்று மாறும். அந்த மாற்றத்தை அளந்தால் எந்தப் பிணைப்பு எவ்வளவு வேகமாக ஆடுகிறது, சங்கிலி சுருளாக இருக்கிறதா, தட்டையாக விரிந்திருக்கிறதா என்றெல்லாம் தெரியும்.

2. நியூட்ரான் சிதறல். அணுக்கள் எவ்வளவு தூரம் ஆடுகின்றன என்பதை அளக்க. 1989-இல் இந்த முறையில்தான் ஈரமான மயோகுளோபினின் அசைவு சுமார் மைனஸ் 90 டிகிரிக்கு மேல் திடீரென அதிகரிப்பது தெரிய வந்தது.

3. என்எம்ஆர். காந்தப் புலத்தில் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞையைப் படிக்கும் முறை. நானோ நொடி முதல் மில்லி நொடி வரையிலான அசைவுகளுக்கு.

4. கணினி. 1977-இல் ஒரு சிறு புரதத்தின் அசைவை முதன்முதலில் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது, எட்ட முடிந்தது 10 பைக்கோ நொடிக்கும் குறைவு. 2010-இல் இதற்கென்றே கட்டிய ஒரு கணினியில் அதே புரதத்தை ஒரு மில்லி நொடி வரை ஓட்டினார்கள். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் பிணைப்புகளின் வேகத்தைத் தவறவிடாமல் இருக்க 2 ஃபெம்டோ நொடிக்கு ஒருமுறை கணக்கிட்டால், ஒரு மில்லி நொடிக்கு 50 ஆயிரம் கோடி முறை எல்லா அணுக்களின் இடத்தையும் திரும்பக் கணக்கிட வேண்டும்.

நோபல் செய்தியின் இன்னொரு பாதி

இப்போது அந்த வண்ணப் படங்களுக்குத் திரும்பலாம். ஹசாபிஸ், ஜம்பர் குழு உருவாக்கிய ஆல்ஃபாஃபோல்ட் என்ற கணினி நிரல் 2022-இல் 20 கோடிக்கும் அதிகமான புரதங்களின் கணிப்பு வடிவங்களைப் பொதுவில் வைத்தது. மிகப் பெரிய காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் அது பெரும்பாலும் ஒரு புரதத்துக்கு ஒரு தோற்றத்தைத் தருகிறது. மருந்து தயாரிப்பவருக்கு அது போதாது. புரதச் சங்கிலிகளை வெட்டும் எச்ஐவியின் புரோட்டியேஸ் நொதியை எடுத்துக்கொள்ளுங்கள். 99 அமினோ அமிலம் கொண்ட இரண்டு சங்கிலிகள், வேலை நடக்கும் குழிக்கு மேலே இரண்டு மடல்கள். மடல் திறந்தால்தான் இரை உள்ளே போகும், மூடினால்தான் வெட்டும். அந்தக் குழியை அடைத்து உட்காரும் மருந்துகள் எச்ஐவி சிகிச்சையையே மாற்றின. அதே நொதியில் சில மாற்றங்கள், குழியிலிருந்து தள்ளி இருந்தாலும், மடல்களின் அசைவைப் பாதித்து மருந்துக்கு எதிர்ப்பு உண்டாக்குகின்றன. நின்ற படத்தில் இது தெரியாது. வடிவம் என்ற கேள்விக்குப் பெருமளவு விடை கிடைத்துவிட்டது. அசைவு என்ற கேள்வி இப்போதுதான் முழு வீச்சில் தொடங்குகிறது.

ஐஸ், உப்பு, சூடு

கடலோரத்தில் தினமும் நடக்கும் வேலைகள் பல, புரதத்தின் அசைவைக் கட்டுப்படுத்தும் வேலைகள்தான்.

மீன் செத்த பிறகும் அதன் நொதிகள் வேலையை நிறுத்துவதில்லை. அதன் மேலுள்ள கிருமிகளின் நொதிகளும் அப்படியே. 10 டிகிரி குறைந்தால் நொதியின் வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் 30 டிகிரி வெயிலில் கிடக்கும் மீனை ஐஸில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் வேகம் எட்டில் ஒன்றாகிறது. நம் பக்கத்து வெப்பத்துக்கு மீன் எவ்வளவோ அவ்வளவு எடை ஐஸ் வேண்டும் என்று பரிந்துரைப்பது இதனால்தான். ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் அசைவு இன்னும் குறைகிறது, ஆனால் நின்றுவிடுவதில்லை. மேலே சொன்ன மைனஸ் 90-க்கு அது இன்னும் வெகு தூரம். மாதக்கணக்கில் ஃப்ரீசரில் கிடந்த மீனின் சதை சக்கையாகிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். கூடவே, நீர் பனிக்கட்டியாகப் பிரிந்தபின் எஞ்சும் உப்பு நீர் செறிவாகித் தசைப் புரதத்தைக் குலைப்பதும் நடக்கிறது.

கருவாடு வேறு வழியில் அதே இடத்துக்குப் போகிறது. புரதத்தின் மெதுவான அசைவுகளுக்கு நீர்தான் எண்ணெய் போட்ட அச்சு. முட்டை வெள்ளைக்கருவிலுள்ள லைசோசைம் என்ற நொதி, தன் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு நீராவது ஒட்டியிருந்தால்தான் வேலையைத் தொடங்கும். உப்பும் வெயிலும் மீனிலிருந்து அந்த நீரைப் பறிக்கின்றன. வெயிலில் காயும் மீன் சூடாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதன் நொதிகள் இறுகிக் கிடக்கின்றன, கிருமிகளுக்கும் அதே கதி. குளிரால் செய்வதை வறட்சியால் செய்வது என்று சொல்லலாம்.

சமைப்பது இதற்கு நேர்மாறு. அசைவை எல்லை தாண்டவிட்டு மடிப்பை அவிழ்ப்பது. தசையின் முக்கியப் புரதமான மயோசின் முதலில் குலைகிறது. கண்ணாடி போலிருந்த சதை வெள்ளையாவது அப்போதுதான். அவிழ்ந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கி ஒளியைச் சிதறடிக்கின்றன. குளிர்கடல் மீனின் மயோசின் நம் கடல் மீனினுடையதைவிடக் குறைந்த சூட்டிலேயே குலைந்துவிடும். அவை தளர்வாகக் கட்டப்பட்டவை என்று மேலே பார்த்தோமே, அதன் மறுபக்கம் இது.

மன்னார் வளைகுடாவில் ஒரு டிகிரி

இதே தராசு கடலுக்கு அடியிலும் இருக்கிறது. பாம்பன் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை நீளும் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவானது. 1998, 2010, 2016 ஆண்டுகளில் அங்கே பவளங்கள் வெளுத்தன. கோடையில் நீர் வழக்கமாகத் தொடும் உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தால் வெளுப்பு தொடங்கும். ஒரு டிகிரி ஏறினால் வீட்டில் நமக்குத் தெரியக்கூடத் தெரியாது, அது எப்படி ஒரு பாறைத்தொடரைக் கொல்லும் என்று பலர் கேட்கிறார்கள்.

விடை, அந்தச் சிறிய உபரியில் இருக்கிறது. பவளத்தின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையால் செய்யும் உணவில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன, பவளத்தின் ஆற்றல் தேவையில் 90 சதவீதம் வரை அதிலிருந்தே கிடைக்கும். நீர் சூடாகும்போது பாசியின் ஒளிச்சேர்க்கைப் புரதங்கள், குறிப்பாக ஒளியை முதலில் வாங்கும் அமைப்பிலுள்ளவை, பழுதாகும் வேகம் பழுதுபார்க்கும் வேகத்தை மிஞ்சிவிடுகிறது. வாங்கிய ஒளியைச் செலவழிக்க முடியாமல், திசுவைத் தாக்கும் ஆக்சிஜன் வகைகள் உருவாகின்றன. பவளம் பாசியை வெளியேற்றுகிறது. கண்ணுக்குத் தெரியும் வெள்ளை, பாசி போன பிறகு தோலுக்கு அடியில் தெரியும் சுண்ணாம்புக் கூடு.

பவளம் சும்மா இருந்து சாவதில்லை. சூட்டில் எல்லா உயிரினங்களும் செய்வதை அதுவும் செய்கிறது. அதிகமாக ஆடி மடிப்பு நழுவும் புரதங்களைத் தாங்கிப் பிடித்து மீண்டும் மடிக்க, வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்ற துணைப்படையை உற்பத்தி செய்கிறது. 1962-இல் பழ ஈக்களில் முதன்முதலில் தடம் கண்ட ஏற்பாடு இது. ஆனால் அந்தத் துணைப்படையின் முக்கியமான உறுப்பினர்கள் ஒவ்வொரு முறை பிடித்து விடுவதற்கும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழிக்கின்றன. அதிகம் செலவழிக்க வேண்டிய அந்த வாரங்களில்தான், ஆற்றலைக் கொடுத்துவந்த பாசி வெளியே போய்விட்டது. கையிருப்புக் கொழுப்பைக் கரைத்துப் பவளம் சமாளிக்கிறது. அதற்குள் நீர் குளிர்ந்துவிட்டால் பாசி திரும்பும், நிறமும் சில மாதங்களில் திரும்பும். சூடு நீடித்தால் கையிருப்பு தீரும், வெள்ளைக் கூட்டின் மேல் வேறு பாசி படரத் தொடங்கும்.